அன்னபூரணி கடந்த கடல்



வண்ணாரப்பேட்டை என்றதும் நெருக்கமான தெருக்களும் தொழிற்கூடங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அப்பெயருக்குள் ஒரு கடல் வரலாறும் அடங்கியிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் ஏற்றுமதி செய்த பருத்தித் துணிகளை வெளுத்துத் தந்தவர்கள் வாழ்ந்த இடம் அது. வெளுத்த துணி கப்பலை அடைவது எளிதாக இருக்கவில்லை. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். இடையே புரண்ட அலைகளைக் கடக்க மசூலாப் படகுகளே துணையாயின. ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்போது இறுகிய படகு பிளந்துவிடும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். படித்தறியாத தச்சர்கள் கண்ட பௌதிகம் அது!

இத்தகைய கடலறிவு தமிழர் வாழ்ந்த கரைகளில் எல்லாம் வளர்ந்தது. இலங்கையின் வடகோடியில் உள்ள வல்வெட்டித்துறை அதற்குப் பெயர்பெற்ற ஊர். அவ்வூர்ப் பாய்க்கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் பர்மாவுக்கும் சென்று வாணிகம் செய்தன. 1930-ஆம் ஆண்டில் அங்கே கட்டப்பெற்றதுதான் ‘அன்னபூரணி’ என்னும் மரக்கலம். நீளம் 89 அடி, பாய்மரம் இரண்டு.

அதனை விலைக்கு வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்னும் அமெரிக்கர். அவர் 1928 முதல் 1931 வரை, ஏறத்தாழ 32 அடி நீளமே உள்ள ஒரு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர். அப்படகுக்கு அவர் இட்ட பெயர் ‘ஸ்வாப்’. கனவு என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து பிறந்தது. பின்னர் மனைவி புளோரன்சுடன் அதே படகில் வெப்பமண்டலக் கடல்களில் உலாவப் புறப்பட்டார். 1934-ஆம் ஆண்டில், மருத்துவர் எவரும் இல்லாத காலாபகோஸ் தீவுகளில் அவருக்குக் குடல்வால் வெடித்தது. வானொலிவழிச் செய்தி பறந்தது. அமெரிக்கக் கடற்படை விரைந்து வந்து உயிரைக் காத்தது. குடும்பத்தோடு கடலேறுவது இன்பம்தான். ஆயினும் அதன் பொறுப்பு எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

பழைய மரக்கலம் ஒன்றை நெடும்பயணத்துக்கு ஆயத்தம் செய்வது பெரிய காரியம். மூட்டுகளில் நாரும் பஞ்சும் திணித்துக் கலப்பற்றுச் செய்ய வேண்டும். குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும். பாயையும் கயிற்றையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கரையில் காட்டும் சோம்பலுக்குக் கடல் தண்டனை தராமல் விடாது.

அன்னபூரணிக்கு ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மனைவியின் பெயரையே புதிய உரிமையாளர் சூட்டினார். ஆனால் அதனை அமெரிக்கா கொண்டு சேர்த்தவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகளே. தலைவர் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. 1937-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புறப்பட்டார்கள். வாடைக்காற்று வீசும் அப்பருவம் அரபிக்கடலில் மேற்கே செல்வோர்க்கு உதவுவது. செங்கடலின் வடபாகத்திலோ காற்று எதிர்முகமாக வீசும். அங்கே பொறுமையே பாய்மரம். சூயசுக் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் கடந்து, ஜிப்ரால்டர் வழியே அட்லாண்டிக்கில் இறங்கினர். அங்கே வடகிழக்கு வாணிகக் காற்றுகள் கப்பலை மேற்கே உந்தும். பெர்முடாவைத் தொட்டு, 1938-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தனர். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுப் பயணம் அது!

ராபின்சன் பிற்காலத்தில் ‘வருவா’ என்னும் கப்பலைக் கட்டி, 1945-இல் தாகித்தித் தீவுக்குச் சென்று அங்கேயே வாழ்ந்தார். தம் பயணங்களை நூல்களாக எழுதினார். ஆதலால் உலகம் அவரை அறியும். தம்பிப்பிள்ளையை அறிந்தோர் எத்தனை பேர்? கப்பலின் தமிழ்ப்பெயர் பலகையிலிருந்து அழிந்தது போலவே, அதனை ஓட்டியவர்களின் பெயர்களும் பலர் நினைவிலிருந்து அழிந்தன. அவர் ராபின்சனுக்குத் திறமையில் குறைந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவர் எழுதினார்; மற்றவருடைய கதையை எழுதி உலகறியச் செய்ய வேண்டியவர்கள் நாம். அதை நாம் செய்யவில்லை.

வண்ணாரப்பேட்டையிலிருந்து சிறிது தூரம் கிழக்கே நடந்தால் காசிமேடு. அங்கே இன்றும் படகுகளைக் கரையேற்றிச் செப்பனிடுகிறார்கள். விடுமுறை நாளொன்றில் ஒரு குறிப்பேட்டுடன் அங்கே செல்லுங்கள். முதிய தச்சர் ஒருவரிடம் பணிவோடு அமர்ந்து, எந்த மரம், எந்த எண்ணெய், எந்தக் காற்று என்று கேளுங்கள். அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய பெயரையும் மறவாமல் எழுதுங்கள். வரலாற்று நூல்கள் பிறப்பது இத்தகைய குறிப்பேடுகளிலிருந்துதான்.