கொள்ளை நோயின் கொசுறு

கொள்ளை நோயினால் நன்மை உண்டு என்று ஒருவர் எழுதத் துணிந்தால், அந்த நோய்க்குத் தாயையோ மகனையோ பறிகொடுத்தவர் அவரை என்ன சொன்னாலும் தகும். ஆகவே நன்மை என்ற சொல்லை நான் எடுக்கப் போவதில்லை. நம் காய்கறிக்காரியிடம் இன்னொரு சொல் இருக்கிறது: கொசுறு. கத்தரிக்காய்க்குக் கொடுத்த காசு போனது போனதுதான். ஆனால் கூடையை மூடும்போது அவள் மனம் இரங்கிப் போடுகிறாளே ஒரு கொத்துக் கறிவேப்பிலை, அது எந்தக் கணக்கிலும் சேராதது. 2020-ம் வருஷத்து நோய் திருவள்ளூர் ஜில்லாவுக்குப் போட்டுவிட்டுப் போன கொசுறைப் பற்றித்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன். தெலுங்கிலும் இதைக் 'கொசரு' என்றுதான் சொல்லுகிறார்கள். இந்த ஜில்லாவில் எந்தச் சொல்லின் காதைப் பிடித்துத் திருகினாலும் அது வேறொரு பாஷையில் 'ஐயோ' என்று கத்தும்!

முதலில் பழைய கொசுறு ஒன்று. 1348-ல் இங்கிலாந்தில் புகுந்த கருஞ்சாவு ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வாரிக்கொண்டு போயிற்று. அதற்கு முன்பு அங்கே பள்ளிப் பிள்ளைகள் லத்தீன் பாடத்தைப் பிரெஞ்சு மொழியில்தான் படித்தார்கள். 1066-ல் நார்மானியர் ஜெயித்ததிலிருந்து பிரெஞ்சுதான் பெரிய மனிதர் பாஷை. பெரும் சாவுக்குப் பிறகு ஜான் கார்ன்வால் என்ற உபாத்தியாயர் பிரெஞ்சை விட்டுவிட்டுப் பிள்ளைகளின் சொந்த ஆங்கிலத்திலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1385-க்குள் எல்லாப் பள்ளிகளும் மாறிவிட்டன என்று ட்ரிவீசா என்ற பாதிரியார், ஹிக்டன் என்பவரின் சரித்திர நூலை மொழிபெயர்க்கும்போது தம் கைச்சரக்காகச் சேர்த்து எழுதி வைத்தார். பிரெஞ்சு தெரிந்த குருமார்களும் ஆசிரியர்களும் நோயில் மாண்டது இதற்கு ஒரு காரணம் என்பது சரித்திரக்காரர்களின் கருத்து.

அதே நூலில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. வடக்கே யார்க் பக்கத்து ஜனங்களின் பேச்சு காதைக் கீறுகிறது, தெற்கத்தியாருக்கு அது விளங்குவதே இல்லை என்ற புகார். காரணமும் சொல்லியிருக்கிறது: அவர்கள் அந்நியர்களுக்கு அருகில் வாழ்கிறார்கள், ராஜாவோ அவர்களுக்குத் தூரத்தில் இருக்கிறார். எல்லையோரத்து மக்களின் பேச்சை உலகம் ஏன் பரிகசிக்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம்முடைய யார்க், கும்மிடிப்பூண்டி. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வடக்கே போனால் ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரம். எல்லைக்கோடும் இங்கே ஆதியிலிருந்து கல்லில் கிடந்ததல்ல. 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று. திருவள்ளூரில் பள்ளிகொண்டிருக்கும் வைத்திய வீரராகவரின் கோயிலை நிர்வகிக்கும் அகோபில மடத்தின் பெயரே ஆந்திரத்து க்ஷேத்திரத்தின் பெயர்தான். அமாவாசைக்கு அமாவாசை அங்கே குளத்தில் வெல்லம் கரைத்து, 'எங்கள் நோயும் கரையட்டும்' என்று வேண்டிக்கொள்கிறவர்களின் கூட்டத்தில் பாதி வேண்டுதல் தெலுங்கில்தான் நடக்கும். ஸ்வாமிக்கு இரண்டும் தெரியும். நோய் தீர்க்கும் அந்த வைத்தியரும் 2020-ல் மார்ச்சிலிருந்து ஆகஸ்டு முடியக் கதவைச் சாத்திக்கொள்ள நேர்ந்தது ஒரு விசித்திரம்.

கிழக்கே பழவேற்காடு இருக்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி வாங்கினார்கள், பஞ்ச காலங்களில் மனிதர்களையும் அடிமைகளாக வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1825-ல் ஊரை ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கோட்டை மண்ணாகிவிட்டது, கல்லறைகள் நிற்கின்றன. 'துட்டு' மட்டும் இன்னும் செலாவணியில் இருக்கிறது! டச்சுக்காரரின் 'டொயிட்' என்ற சில்லறைக் காசுதான் அது. கக்கூஸும் அவர்கள் பாஷையிலிருந்து வந்ததே என்பார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் ஞாபகார்த்தமாக இந்த இரண்டும் போதாதா?

டச்சிடமிருந்து துட்டு, தெலுங்கிடமிருந்து நைனா, டப்பு, ஆர்க்காட்டு நவாபுகள் காலத்து ஹிந்துஸ்தானியிலிருந்து நாஷ்டா, ஜல்தி, உஷார், பேஜார், கலீஜ் — இவற்றை எல்லாம் போட்டுக் கிண்டியதுதான் 'மெட்ராஸ் பாஷை' என்று மற்ற ஜில்லாக்காரர்கள் மூக்கைச் சுளிக்கும் பேச்சு. மூக்கைச் சுளிப்பார்கள், சினிமாவில் வந்தால் கைதட்டுவார்கள். 1958-ல் 'சபாஷ் மீனா'வில் ரிக்ஷாக்காரராக வந்து அந்தப் பாஷையை நாடெங்கும் பரப்பிய சந்திரபாபு, பிறந்தது தூத்துக்குடி, சிறுவயதில் வளர்ந்தது கொழும்பு. கேட்டுக் கற்றுக்கொண்ட பேச்சுதான். அந்தப் பாஷை யாரையும் 'நீ எந்த ஊர்?' என்று கேட்டுக் கதவைச் சாத்துவதில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இனி 2020-க்கு வருவோம். மார்ச் 22 நள்ளிரவோடு ரயில்கள் நின்றன. 25-ம் தேதி தேசமே அடங்கியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் ஓய்ந்தன. அங்கே வேலை செய்கிறவர்களின் ஜாபிதாவைப் பாருங்கள்: உள்ளூர்க்காரர்கள், திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பீகார், ஒரிஸ்ஸா, ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள். போதாததற்கு 1990 முதல் அந்த ஊரிலேயே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று. அங்குள்ள ஆண்களில் பலருக்குச் சுவருக்குச் சாயம் பூசும் கூலிவேலை. இத்தனை பேரும் வருஷக்கணக்காக ஒரே வீதியில் இருந்தும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டதில்லை. ஆலைக்குள் இரைச்சல், வெளியே வந்தால் தூக்கம். இயந்திரம் நின்றதும் காது திறந்தது. முகமூடி வேறு வந்து பாதி முகத்தை மறைத்துவிட்டதால், ஆளை அடையாளம் காணக் குரல் ஒன்றுதான் மிச்சம்.

தண்ணீர்க் குழாயடியிலும் அரிசி வாங்கும் வரிசையிலும் ஒரு முழ இடைவெளிக்குப் பதில் ஒரு கஜ இடைவெளி விட்டு நின்றதால், பேச வேண்டியதை உரக்கப் பேச வேண்டியிருந்தது. அப்போது பிறந்த வேடிக்கைகள் கொஞ்சமல்ல. முகாம்காரர் ஒருவர் பக்கத்து வீட்டாரிடம், "வெளிக்கிட்டாச்சோ அண்ணை?" என்று கேட்டால், அது 'புறப்பட்டாயிற்றா' என்ற மரியாதையான விசாரணை. உள்ளூர்க்காரருக்கோ அது காலைக்கடன் சம்பந்தமான, பலர் முன்னிலையில் கேட்கத் தகாத கேள்வி! "அவர் எனக்குப் பேசிப்போட்டார்" என்று முகாம்காரர் வருத்தப்பட்டால், "பேசினா நல்லதுதானே நைனா, இதுக்கு இன்னாத்துக்கு அழுவுறே?" என்பார் இவர். யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் வைவது. சாதாரணமாகப் பேசுவதற்குப் பெயர் கதைப்பது. இங்கே கதைப்பது என்றால் புளுகுவது. நெல்லைக்காரர் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் பேசுறது தமிழா வே?" என்று தீர்ப்புச் சொல்லுவார். அவருடைய 'வே' என்ன ஜாதி என்று மற்ற இருவரும் சேர்ந்துகொண்டு கேட்பார்கள்.

இதில் வேடிக்கையையும் மிஞ்சிய விஷயம் ஒன்று உண்டு. பீகார்ப் பிள்ளைக்கு இந்த மூவரில் யார் பேச்சு முதலில் விளங்கியது? வானொலியில் கேட்கும் சுத்தத் தமிழ் அல்ல. நெல்லைத் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் அல்ல. "நாஷ்டா துன்னியா? ஜல்தியா வா, உஷாரா நில்லு" என்றானே உள்ளூர்க்காரன், அந்த வாக்கியத்தில் பாதி அவன் தாயார் பேசுகிற பேச்சு! ஊரெல்லாம் கலீஜ் என்று ஒதுக்கிய கொச்சைதான், பசியோடு நின்ற அந்நியனுக்குக் கைகொடுத்தது. அதைச் 'சேரித் தமிழ்' என்று இகழ்ந்த பண்டிதர்கள், ஓர் அந்நியனைச் சாப்பிடக் கூப்பிடத் தங்கள் தமிழில் எத்தனை சொல் வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எல்லோரும் அங்கேயே தங்கிச் சிரித்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை. மே மாத வெயிலில் கல்கத்தா நெடுஞ்சாலையில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தவர்கள் ஏராளம். மே 1-ம் தேதி முதல் ஓடிய சிரமிக் ரயில்கள் நாடு முழுவதும் சுமார் 63 லட்சம் பேரைச் சொந்த ஊர் சேர்த்தன. ரயில் வருமுன் நடந்தவர்களுக்குக் கணக்கு இல்லை.

அதே மே மாதம் 5-ம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடிச் சில நாளில் காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். காஞ்சியில் கோபித்துக்கொண்டு புறப்பட்டபோது பெருமாளையே பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வரச் செய்தவர் திருமழிசை ஆழ்வார். அவருடைய ஊருக்குக் கோயம்பேடே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது! மதனப்பள்ளித் தக்காளி தெலுங்கிலும் நாசிக் வெங்காயம் மராத்தியிலுமாக லாரி லாரியாக வந்து இறங்கின. மழை பெய்து சேறானபோது எல்லாப் பாஷையிலும் ஒரே மாதிரியான சொற்களே புழங்கியிருக்கும். செப்டம்பர் 28-ல் காய்கறி மார்க்கெட் திரும்பப் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

கருஞ்சாவுக்குப் பின் ஆள் கிடைக்காமல் கூலி உயர்ந்தபோது, கூலி ஏறக் கூடாது என்று இங்கிலாந்தில் 1351-ல் சட்டம் போட்டார்கள். 2020-லும் உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத் சர்க்கார்களுக்கு முதலில் தோன்றியது தொழிலாளர் சட்டங்களைத் தளர்த்துவதுதான். அறுநூற்றெழுபது வருஷத்தில் ஆளுவோர் புத்தியில் பெரிய மாறுதல் இல்லை. ஆனால் அப்புறம் ஆள் பற்றாமல், சில நகரங்களில் கட்டட முதலாளிகள் விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்துத் தொழிலாளிகளை அழைத்து வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அக்டோபர் 1 முதல் வெளி மாநிலத்து ரேஷன் கார்டுக்கும் தமிழ்நாட்டுக் கடையில் அரிசி உண்டு என்றாயிற்று. அடுத்த வருஷம் ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்ற பெயர் போய், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று வந்தது. பலகை மாறியதே தவிரக் குடியுரிமை வந்துவிடவில்லை.

ஜான் கார்ன்வாலின் வாரிசுகளும் வந்தார்கள். பள்ளி மூடிக் கிடந்த நாட்களின் நஷ்டத்தை ஈடுகட்ட 2021 அக்டோபரில் சர்க்கார் ஆரம்பித்த 'இல்லம் தேடிக் கல்வி'யில், அந்தந்தத் தெருவில் படித்தவர்களே, பெரும்பாலும் பெண்கள், சாயங்காலத்தில் திண்ணையிலும் முற்றத்திலும் பாடம் சொன்னார்கள். பாடப் புத்தகம் 'என்ன' என்று கேட்கும். பிள்ளை 'இன்னா' என்று கேட்கும். அக்காவும் அதே தெருக்காரி ஆனபடியால் இரண்டுக்கும் பதில் வரும்.

ஊருக்குப் போன பீகார்ப் பிள்ளைகளில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். மின்சார ரயிலில் அவர்கள் கைபேசியில் வீட்டாரோடு பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். போஜ்புரி அருவி மாதிரி கொட்டும், நடுவில் திடீரென்று ஒரு கூழாங்கல் விழும்: "அப்பால."