கொடியன்குளத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால்

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கியபோது அது மாத இதழ். சில மாதங்களிலேயே அதை வார இதழாக்கினார்; பிறகு சொந்தமாக அச்சகமும் வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து கொண்டுவந்த 'ஒரு பைசாத் தமிழன்' தொடக்கத்திலிருந்தே வார இதழ். ஓராண்டு கழித்து 'தமிழன்' என்று பெயர் மாறி, 1914 மே மாதம் அவர் மறையும்வரை அவருடைய ஆசிரியத்துவத்தில் வந்தது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சடித்த காலம் அது. அந்தக் காலத்திலும் நம் முன்னோடிகள் தங்களுக்குக் கிடைத்த வேகமான எந்திரத்தைத் தேடிப் போனார்கள். மாதம் ஒருமுறை பேசினால் போதாது, அடுத்தவர் அச்சகத்தின் தயவில் இருக்கக் கூடாது என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அதனால்தான், கட்டுரையும் துண்டறிக்கையும் எழுதச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் மாணவத் தோழர்களை "சொந்தமாக எழுதத் தெரியாதா?" என்று சிலர் கேட்கும்போது நமக்கு உடன்பாடில்லை. கேட்பவர்களில் பலருக்கு நேரம் இருக்கிறது, தனி அறை இருக்கிறது, வீட்டில் மூன்று தலைமுறைப் புத்தகம் இருக்கிறது. கோவில்பட்டியில் கல்லூரி முடித்துக் கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பி, அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்த களைப்பில் படுத்தபின் எழுத உட்காரும் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானால் அது பெரிது. வன்கொடுமை நடந்த மறுநாளே அறிக்கை வரவில்லை என்றால், அடுத்த நாள் நாளிதழ் சொல்வதே வரலாறாகிவிடுகிறது. வேகம் வேண்டும். ஆனால் அந்த வேகம் நம்மை யாருடைய வார்த்தைகளுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு நம் பக்கத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது.

ஒட்டப்பிடாரம் வட்டம் கொடியன்குளம். 1995 ஜூலையில் சங்கரன்கோவில் பக்கம் வீரசிகாமணியில் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கும் பள்ளி மாணவர்களுக்கும் ஏற்பட்ட தகராறிலிருந்து தென்மாவட்டங்களில் சாதி வன்முறை பரவியது. ஆகஸ்ட் 31 அன்று பட்டப்பகலில் சுமார் 600 போலீசார் கொடியன்குளத்துக்குள் புகுந்தனர். பல மணி நேரம் வீடு வீடாக அடித்து நொறுக்கினார்கள். வெளிநாட்டில் வேலை பார்த்த பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, தையல் எந்திரம், மிதிவண்டி, சேமித்து வைத்த தானியம் எதுவும் தப்பவில்லை. ஊர்க் கிணற்றையும் பாழாக்கினார்கள். படித்த இளைஞர்களின் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட்டுகளையும் தீயிலிட்டார்கள். அரசு அறிவித்த நிவாரணத்தை ஊர் மக்கள் வாங்க மறுத்தார்கள். அரசு அமைத்த கோமதிநாயகம் ஆணையமோ போலீஸ் நடவடிக்கையை நியாயப்படுத்தியது.

இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி ஒரு செயலியிடம் தமிழில் கேட்டுப் பார்த்தோம். அரை நிமிடத்தில் பிழையில்லாத நல்ல தமிழில் வந்தது. "இரு சமூகத்தினரிடையே ஏற்பட்ட மோதல்" என்று ஆரம்பம். "நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவரக் காவல்துறை நடவடிக்கை" என்று நடு. "பேருந்து நிற்காததால் ஆத்திரமடைந்த கிராம மக்கள் பேருந்தை அடித்து நொறுக்கினர்" என்று ஒரு வரி. ஆண்டு 1997. முடிவில் "சமூக நல்லிணக்கத்தின் தேவை".

பேருந்து வரி எங்கிருந்து வந்தது என்று படம் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். மாரி செல்வராஜின் 'கர்ணன்'. படத்தில் ஊரின் பெயர் பொடியன்குளம். பேருந்து நிற்காத ஊர். 2021 ஏப்ரலில் படம் வெளியானபோது கதை நடக்கும் ஆண்டு 1997 என்று திரையில் வந்தது. கொடியன்குளம் நடந்ததோ 1995இல், அ.தி.மு.க. ஆட்சியில், 1997 தி.மு.க. ஆட்சி. சர்ச்சை எழுந்தபின் அதை '1990களின் பிற்பகுதி' என்று மாற்றினார்கள். படம் புனைவு, அதில் இயக்குநருக்கு உரிமை உண்டு. அந்தச் சர்ச்சையால் 1997 என்ற எண் இணையம் முழுக்கக் கொடியன்குளத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. எந்திரத்துக்கு அந்த ஒட்டுதல்தான் தெரியும், எது நடந்தது எது கதை என்பது தெரியாது. ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் அடிக்கடி எந்தச் சொல் வருகிறது என்று கற்றுக்கொண்டு அடுத்த சொல்லை வைப்பதுதான் அதன் வேலை.

அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டோம். நிலைமை கொஞ்சம் மேல். ஆண்டு சரியாக இருந்தது, 600 போலீசாரும் வந்தார்கள். மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 1999ஆம் ஆண்டு அறிக்கையும், 'ஃப்ரண்ட்லைன்' இதழில் எஸ்.விஸ்வநாதன் எழுதிய செய்திக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் இருப்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். பாதிக்கப்பட்டவர்கள் தமிழில் பேசினார்கள். அவர்கள் பேச்சு ஆங்கிலத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. தமிழ் நாளிதழ்களின் 'மோதல்', 'கலவரம்', 'பதற்றம்' மட்டும் தமிழில் மிஞ்சியிருக்கிறது. தலித் முரசு போன்ற இதழ்கள் 1997 முதல் இதற்கு எதிராக எழுதிக் குவித்தும், அளவில் அவை எத்தனை பக்கம், நாளிதழ்கள் எத்தனை பக்கம்?

இன்னும் பின்னால் போனால் படம் தெளிவாகும். இந்தக் கரிசல் வட்டாரம் அச்சில் ஏறியது யார் கையால்? பிஷப் கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு 1881இல் வந்தது. எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் தலையையும் அளந்து, ரங்காச்சாரியோடு சேர்ந்து எழுதிய ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. பேட் எழுதிய மாவட்ட விவரச்சுவடி 1917. மூன்றும் பாதிரி, அருங்காட்சியக அதிகாரி, ஆட்சிப்பணி அதிகாரி என்று ஆள்பவர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. காப்புரிமை முடிந்து இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. எந்திரத்துக்குச் சாப்பாடு இப்படிப்பட்ட புத்தகங்கள்தான். அதனால்தான் ஒரு சாதியைப் பற்றிக் கேட்டால் நூறாண்டுக்கு முந்தைய தொழில்பட்டியலும் 'இயல்பும்' இன்றைய தமிழில் வந்து விழுகின்றன.

நம் பக்கத்து அச்சுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 'தமிழன்' இதழில் அயோத்திதாசர் எழுதியவை, ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிடும்வரை பொதுவாசகர் கைக்குப் பெரும்பாலும் எட்டவே இல்லை. அவர் இறந்து 85 ஆண்டுகள்! 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடி ஜெ.பாலசுப்பிரமணியம் எழுதிய நூலைப் படித்தால், எத்தனை இதழ்களுக்குப் பெயர் மட்டும் மிச்சம் என்று தெரியும். எந்திரம் அவற்றைப் படித்திருக்க வழியில்லை.

அயோத்திதாசரின் வேலைமுறையும் இங்கே கவனிக்கத் தக்கது. அச்சில் இருக்கிறது என்பதற்காக அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பண்டிகை, சடங்கு, வழக்குச்சொல், கிழவர்கள் சொன்ன கதை இவற்றையெல்லாம் எடுத்துவைத்து, எழுதப்பட்ட வரலாற்றை மறுத்துப் பேசினார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. நாமும் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எழுதப்பட்டவற்றின் சராசரியை எடுத்துத் தரும் எந்திரத்துக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தவர் அவர்.

வேகத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதும் கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிய பிள்ளைகளின் விரல்களில் வளர்ந்த ஊர்கள் இவை. பூமணி 'கருவேலம் பூக்கள்' படமாக எடுத்தது அந்தப் பிள்ளைகளைத்தான். சாட்ஜிபிடிக்கு வக்கிரப் பேச்சை அடையாளம் காட்டக் கற்றுக்கொடுக்க, கென்யாவில் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலியில் ஆட்கள் உட்கார்ந்து அந்த வக்கிரங்களை வாசித்தார்கள் என்று 2023 ஜனவரியில் 'டைம்' இதழ் வெளியிட்டது. திரை மட்டும்தான் புதிது.

அப்படியானால் என்ன செய்யலாம்? எழுதித் தரச் சொல்லாமல், எடுபிடி வேலை வாங்கலாம். மூத்தவர் ஒருவர் இரண்டு மணி நேரம் பேசிய ஒலிப்பதிவை எழுத்தாக்க முன்பு ஒரு வாரம் ஆகும். இப்போது முதல் வரைவு ஒரு மணி நேரத்தில் கிடைக்கிறது. அந்த வரைவில் கரிசல் வழக்கு தப்பும் தவறுமாக வரும், ஒலியைக் கேட்டுத் திருத்தியே ஆக வேண்டும். "போலீசு வந்து அழிச்சிட்டுப் போனாவ" என்று ஒரு பாட்டி சொன்னதை "காவல்துறையினர் சேதப்படுத்தினர்" என்று அது மாற்றினால் விடாதீர்கள். பழைய நூல்களின் படங்களை எழுத்தாக்குவது, ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழில் புரிந்துகொள்வது, தகவல் உரிமை மனுவுக்குச் சட்டகம் போடுவது எல்லாம் நடக்கும். பழைய நாளிதழைத் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 1986 முதல் 1997 வரை இந்த மாவட்டத்தின் பெயர் சிதம்பரனார் மாவட்டம். தூத்துக்குடி மாவட்டம் என்று மட்டும் தேடினால் 1995 கையில் சிக்காது.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. பாதிக்கப்பட்டவர், சாட்சி ஆகியோரின் பெயர், ஊர், முதல் தகவல் அறிக்கை எதையும் இந்தச் செயலிகளில் ஏற்றாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 15ஏ பிரிவு சாட்சிகளின் பாதுகாப்பை உரிமையாக்கியிருக்கிறது. அதை வாங்கித்தர நாம் போராடும்போதே நம் கையால் விவரத்தை எங்கோ இருக்கும் கணினிக்கு அனுப்பக் கூடாது.

கொடியன்குளத்தில் அன்று இருபது வயதில் இருந்தவர்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அன்று ஐம்பதில் இருந்தவர்களில் பலர் இல்லை. சான்றிதழ் எரிந்தவர்கள் பிறகு என்ன வேலைக்குப் போனார்கள், பாஸ்போர்ட் எரிந்தவர் வெளிநாடு திரும்பினாரா, கிணற்றில் மறுபடி எப்போது தண்ணீர் இறைத்தார்கள் என்பதையெல்லாம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். கோடை விடுமுறையில் ஒட்டப்பிடாரம், கயத்தாறு, விளாத்திகுளம் பக்கத்து ஊர்களில் இந்தப் பதிவு வேலையைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறோம். வரும் தோழர்கள் கைபேசியில் இடம் காலி செய்துகொண்டு, ஒரு நோட்டும் பேனாவும் சேர்த்து எடுத்து வாருங்கள். ஒலிப்பதிவு வேண்டாம் என்று சொல்பவர்களும் இருப்பார்கள்.