2147483647 (எண்)

2147483647: இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. 2-இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண். பகா எண்; இவ்வடிவிலுள்ள மெர்சென் பகா எண்களில் எட்டாவது. அடுக்காக நிற்கும் 31-உம் 2-இன் 5ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்ணே.

தொடக்கம். 17, 19, 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகள் இவ்வகைப் பகா எண்களைத் தரும் என்று இத்தாலியரான பியெத்ரோ கட்டால்டி 1603இல் வெளியிட்ட நூலில் எழுதினார். 23, 29, 37 மூன்றும் தவறென்று பின்னர் தெரிந்தது. அவரிடமிருந்த பகா எண் பட்டியல் 750 வரையே சென்றது. 19ஆம் அடுக்கைச் சோதிக்க அது போதும், 31ஆம் அடுக்குக்குப் போதாது. ஆகவே 31 பற்றிய அவர் கூற்றை ஊகமெனவே கொள்வர். இவ்வகை எண்களுக்குப் பெயர் தந்த மெர்சென் 1644இல் தந்த பட்டியலிலும் 31 உண்டு, நிரூபணம் இல்லை.

ஆய்லரின் நிரூபணம். லெயோனார்டு ஆய்லர் 1752இல் கணிதவியலாளர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இவ்வெண் பற்றி உறுதியின்றி இருந்தார். 1772இல் நிரூபணத்தைக் கடிதம் வழியே அறிவித்தார். கடிதம் தானியேல் பெர்னூலிக்கா, மூன்றாம் யோகான் பெர்னூலிக்கா என்பதில் நூல்கள் வேறுபடுகின்றன. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் கணக்கு எப்போது முடிந்தது என்பதும் தெளிவில்லை.

எண் பகு எண்ணாயின், அதன் வர்க்கமூலமான 46,340-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். அவ்வெல்லைக்குள் பகா எண்கள் ஏறத்தாழ 4,800. அத்தனையையும் ஆய்லர் தொடவில்லை. காரணி எதுவாயினும் 62-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களே எஞ்சும். அவை ஏறத்தாழ 370. அவற்றுள் பகா எண்கள் 80 சொச்சமே. ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை. 1772இல் ஆய்லர் பெரும்பாலும் பார்வை இழந்திருந்தார் என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

பார்லோவின் கணிப்பு. இவ்வெண்ணை 2-இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்னும் நிறைவெண் (தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) கிடைக்கும். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டறியப்போவதில்லை, பயனற்ற வேடிக்கைக்காக யார் அவ்வளவு உழைப்பார் என்ற கருத்தை ஆங்கிலேயரான பீட்டர் பார்லோ 1811இல் வெளியிட்டார். ஆனால் 1876இல் எதுவார் லூக்கா 2-இன் 127ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்ணையே எட்டிவிட்டார். அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண் என்ற பெயர் 2147483647-ஐ விட்டு நீங்கிய ஆண்டை 1851 என்றும் 1855 என்றும் 1867 என்றும் பலவாறு கூறுவர்.

கணினியில். குறியுடைய 32 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பு இதுவே. 2014 டிசம்பரில் ‘கங்னம் ஸ்டைல்’ காணொளியின் பார்வைகள் இதைக் கடந்தன; அதை எதிர்பார்த்து யூடியூப் முன்பே 64 பிட்டுக்கு மாறியிருந்தது. 1970 தொடக்கம் முதல் நொடிகளை எண்ணும் பழைய யூனிக்ஸ் கடிகாரங்கள், இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07 மணிக்கு இவ்வெண்ணை எட்டும்.