சண்டைக் கத்தியின் தரம் எப்படிச் சோதிக்கப்படுகிறது?

கத்தி விற்கும் விளம்பரங்களில் 'போர்க்களத்துக்கு ஏற்றது', 'போரில் சோதிக்கப்பட்டது' போன்ற வாசகங்களை அடிக்கடி காணலாம். போரைக் கடந்து வந்த நமக்கு இந்த வாசகங்கள் வெறும் விற்பனைச் சொற்களாகத் தெரிவதில்லை. கையால் அடித்துச் செய்யப்படும் ஒரு சண்டைக் கத்தி நல்லதா என்பதை உண்மையில் யார் தீர்மானிக்கிறார்கள்? எந்த அளவுகோலை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

இதற்கான மிகவும் அறியப்பட்ட சோதனை அமெரிக்காவில் நடைபெறுகிறது. மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பில் மோரன் என்ற கத்திக் கொல்லர், அழிந்துகொண்டிருந்த அடித்துச் செய்யும் கலையைக் காப்பாற்றும் நோக்கில், சில நண்பர்களுடன் இணைந்து 1976இல் அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தை உருவாக்கினார். சண்டைக் கத்திகளைச் செய்வதில் அவரே பெயர் பெற்றவர். சங்கத்தில் 'தேர்ச்சி பெற்ற கொல்லர்' என்ற தகுதியை அடைய விரும்புபவர் முதலில் ஒரு கத்தியைச் செய்து, மூத்த கொல்லர் ஒருவரின் முன்னிலையில் அதைச் சோதித்துக் காட்ட வேண்டும்.

நான்கு கட்டங்கள்

சோதனைக் கத்தியின் மொத்த நீளம் 15 அங்குலத்தையும், அலகின் நீளம் 10 அங்குலத்தையும், அகலம் 2 அங்குலத்தையும் தாண்டக்கூடாது. சாதாரண காபன் உருக்கில்தான் அதைச் செய்ய வேண்டும்.

1. கயிறு: மேலிருந்து சும்மா தொங்கும் ஓர் அங்குலத் தடிப்பான கயிற்றை ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். கயிற்றின் கீழ் நுனி எங்கும் கட்டப்பட்டிருக்காது. கூர் குறைந்தால் கயிறு அசைந்து விலகிவிடும். கூரின் வடிவமும் கத்தியின் எடைச் சமநிலையும் இங்கே தெரியவரும்.

2. மரம்: கட்டட வேலைக்குப் பயன்படும் 'இரண்டுக்கு நாலு' மரத்துண்டை இரு தடவை முழுமையாக வெட்டித் துண்டாக்க வேண்டும். கூர் மடங்கவோ உதிரவோ கூடாது.

3. மயிர்: மரம் வெட்டிய அதே கூரால் கை மயிரைச் சிரைத்துக் காட்ட வேண்டும். இடையில் சாணை பிடிக்க அனுமதியில்லை.

4. வளைவு: கடைசியாகக் கத்தியை வைஸில் இறுக்கி 90 பாகைக்கு வளைப்பார்கள். அலகு இரண்டாக முறிந்தால் தோல்வி.

இந்தச் சோதனையோடு கத்தி அழிந்துவிடும். அதனால் செய்தவரே தனது உழைப்பை அழிக்கத் துணிய வேண்டும்.

ஏன் இது கடினம்?

கூர் நீண்ட நேரம் நிற்க உருக்கு கடினமாக இருக்க வேண்டும். அலகு முறியாதிருக்க அது வளைந்து கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே உருக்குத் துண்டில் கொண்டுவருவதுதான் கொல்லரின் வித்தை.

உருக்கைச் சுமார் 800 பாகை செல்சியசுக்குச் சற்று மேல் சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் அது மிகக் கடினமாகும். அதே நேரம் கண்ணாடி போல நொறுங்கும் தன்மையும் வந்துவிடும். ஆகவே மீண்டும் சுமார் 200 பாகை சூட்டில் மணிக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துவார்கள். காந்தம் ஒட்டாமல் போகும் நிலையை வைத்துச் சூட்டை மட்டிடும் பழக்கமும் உண்டு. அது சுமார் 770 பாகையில் நிகழும். கூர்ப்பகுதியை மட்டும் எண்ணெயில் தோய்த்து முதுகை மென்மையாக விடுவது 90 பாகை வளைவைத் தாங்குவதற்கான வழிகளில் ஒன்று.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

இந்த நான்கு கட்டங்களிலும் சண்டை என்பது எங்கும் இல்லை. கயிறும் மரமும் அன்றாட வேலைப் பொருட்கள். எந்த வேலையிலும் எவரும் கத்தியை 90 பாகைக்கு வளைப்பதில்லை. அந்த வளைவு, கொல்லருக்குச் சூட்டை ஆளத் தெரியுமா என்பதை மட்டுமே காட்டுகிறது. அதே கொல்லர் 'மூத்த கொல்லர்' தகுதிக்கு விண்ணப்பிக்கும்போது, குறைந்தது 300 அடுக்குகள் கொண்ட டமாஸ்கஸ் உருக்குக் கத்தியால் இதே சோதனையைக் கடக்க வேண்டும். பின்னர் ஐந்து கத்திகளை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். அவற்றில் ஒன்று குறுக்குக் கைகாப்புடன் கூடிய பழைய ஐரோப்பியக் குத்துவாள். முழுமையான போர் ஆயுதமான அந்தக் குத்துவாளை நடுவர்கள் கண்ணால் பார்த்தே மதிப்பிடுகிறார்கள். அதை யாரும் வளைப்பதில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தின் பெயர்பெற்ற சண்டைக் கத்தியும் இதையே உணர்த்துகிறது. ஷாங்காய் பொலிசில் பணியாற்றிய வில்லியம் ஃபெயார்பேர்ன், எரிக் சைக்ஸ் ஆகியோர் வடிவமைத்து, வில்கின்சன் சுவோர்ட் நிறுவனம் 1941 முதல் தயாரித்த கத்தி அது. குத்துவதற்காகவே மெல்லிய நுனி வைக்கப்பட்டது. சிப்பாய்கள் அதால் பெட்டிகளை நெம்பித் திறந்தபோது நுனிகள் முறிந்தன. போர்க்களத்திலும் கத்திக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் வீட்டு வேலை போன்றதுதான்.

இயந்திரச் சோதனை வேறு வகை. ஐஎஸ்ஓ 8442-5 என்ற சர்வதேச நியமத்தின்படி, சிலிக்கா கலந்த அட்டைக் கட்டின் மீது அலகை முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். முதல் மூன்று சுற்றுகளில் வெட்டப்பட்ட ஆழம் ஆரம்பக் கூரையும், 60 சுற்றுகளின் மொத்த ஆழம் கூர் நிலைத்திருப்பதையும் காட்டும். இங்கே கை பலமும் திறமையும் கணக்கில் வராது. கத்தி முறியுமா என்ற கேள்விக்கு இந்த இயந்திரத்திடம் பதிலில்லை.

நமது கம்மாலைக்கு

பழைய லொறி ஸ்பிரிங் தகட்டில் கத்தி அடிப்பது நமக்குப் புதிதல்ல. அமெரிக்கக் கொல்லர்கள் விரும்பும் 5160 என்ற உருக்கும் ஸ்பிரிங் தகடுகளுக்கான குரோமியம் கலந்த உருக்குத்தான். பாளை சீவுபவருக்கும் விறகு வெட்டுபவருக்கும் கூர் உதிராத கத்தி என்பது கூலியோடும் உயிரோடும் தொடர்புடைய விடயம்.

வாங்கும்போது எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். கால் அங்குலப் பித்தளைக் கம்பியை மேசையில் படுக்க வைத்து, கூரைச் சற்றுச் சாய்த்து அதன் மீது அழுத்துங்கள். கூர் இலேசாக வளைந்து பழைய நிலைக்குத் திரும்பினால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் உருக்கு மென்மை. உதிர்ந்தால் மிகக் கடினம். மீண்டும் பதப்படுத்தக் கொல்லரிடமே கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. காணிகளில் கிடைக்கும் எறிகணைத் துண்டோ, என்னவென்று தெரியாத இரும்போ உலைக்குப் போகக்கூடாது. வெடிக்காத பொருளுக்குப் போர் முடிந்தது தெரியாது. சந்தேகமான எதையும் தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவிக்க வேண்டும்.