ஹரிக்கேன் விமானத்தின் மூடியும் உங்க பாட்டியின் கண் லென்ஸும்

பிளாஸ்டிக் கிட் வாங்கி ஸ்கேல் மாடல் விமானம் செய்யறவங்க உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருந்தா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "எந்தப் பாகத்தை ஒட்டும்போது கை நடுங்கும்?" பெரும்பாலும் கேனோப்பின்னுதான் சொல்வாங்க. விமானியின் தலைக்கு மேல வர்ற கண்ணாடி மாதிரியான மூடி.

இந்த இழை அந்த மூடியைப் பற்றியது. கண்புரை ஆபரேஷனும் வரும். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம மேஜையில் இருப்பது 1940ஆம் ஆண்டு ஹாக்கர் ஹரிக்கேன், 1/72 அளவு. அதாவது ஆறடி ஆள் ஒரு அங்குலம் ஆகிடுவார். நிஜத்தில் 12 மீட்டர் இருந்த இறக்கை இங்கே 17 செ.மீ. தான்.

உடம்பின் பின்பாதியில் நீளவாக்கில் மெல்லிய வரிகள் தெரியும். அதைத் தேய்ச்சு வழவழப்பாக்கிடாதீங்க. அசல் விமானத்தில் அந்தப் பகுதி உலோகத் தகடு இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டம், அதுக்கு மேல மரப்பட்டி, அதுக்கு மேல இழுத்துப் போர்த்திய துணி. மேல்பக்கம் மண் பழுப்பும் கரும்பச்சையும், அடிப்பக்கம் வெளிர் பச்சை கலந்த 'ஸ்கை' நிறம். 601ஆம் ஸ்குவாட்ரன்னா பக்கவாட்டில் UF எழுத்து டெக்கல்.

அடுத்தது கேனோப்பி. ஃபெவிக்விக் வகைப் பசை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி படிந்து மூடி முழுக்க வெள்ளை பூத்துடும், கண்புரை விழுந்த மாதிரியே. பிளாஸ்டிக் சிமென்ட் பாலிஸ்டைரீனையே கரைச்சிடும். ஃபெவிகால் மாதிரியான வெள்ளைப் பசைதான் சரி. காய்ஞ்சா தெளிவாகிடும், வழிஞ்சா ஈரத்துணியால துடைச்சிடலாம்.

இன்னொரு சிக்கல் தடிமன். மூடி 1 மி.மீ. இருந்தாலும் நிஜ அளவில் அது 72 மி.மீ.! எந்தப் போர் விமானத்திலும் அவ்வளவு தடிமனான மூடி கிடையாது. அதனால கெட்டிக்காரங்க கிட்டில் வர்றதைத் தூக்கிப் போட்டுட்டு, வெற்றிட முறையில் வார்த்த மெல்லிய மூடியைத் தனியா வாங்கிப் போடுவாங்க. அளவு அப்படியே குறையும், பொருளின் குணம் குறையாது. இது பின்னாடி தேவைப்படும், நினைவில் வச்சுக்கங்க.

அசல் மூடி பெர்ஸ்பெக்ஸ். வேதியியல் பெயர் பாலிமெதில் மெதக்ரிலேட், சுருக்கமா பிஎம்எம்ஏ. லேசானது, தெளிவானது, கண்ணாடியைவிட வளைக்க எளிது. ஆனா குண்டு பட்டா சிதறும்.

1940 ஆகஸ்ட் 15. 601ஆம் ஸ்குவாட்ரனின் கார்டன் கிளீவர் அன்னிக்கு அவசரத்தில் கண்காப்புக் கண்ணாடி இல்லாமலேயே கிளம்பிட்டார். சண்டையில் மூடி நொறுங்கி, சில்லுகள் இரண்டு கண்ணிலும் பாய்ஞ்சது. ஒண்ணும் தெரியாத நிலையில் வின்செஸ்டர் பக்கம் பாராசூட்டில் குதிச்சார். முகத்திலும் கண்ணிலுமா 18 ஆபரேஷன். வலது கண் பார்வை போயிடுச்சு, இடது கண் தப்பிச்சது.

(வாட்ஸ்அப்பில் சுத்தற கதையில் இது 'ஸ்பிட்ஃபயர் விமானி'ன்னு வரும். கிளீவர் ஓட்டியது ஹரிக்கேன். மாடல் செய்யறவங்க இதை லேசில் விடமாட்டாங்க, நானும் விடறதா இல்லை.)

அவர் கண்ணைக் கவனிச்சவர் ஹெரால்ட் ரிட்லி. பொதுவா கண்ணுக்குள் அந்நியப் பொருள் போனா உடம்பு சும்மா விடாது. சிவக்கும், சீழ் வைக்கும், சில சமயம் கண்ணே போகும். ஆனா இந்தச் சில்லுகள் வருஷக்கணக்கில் உள்ளேயே கிடந்தும், கூர்முனை எங்கேயும் உரசாத வரை, கண் கண்டுக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன்னா லென்ஸை எடுத்துட்டு 'சோடாபுட்டி' கண்ணாடி போட்டு அனுப்புவாங்க, அவ்வளவுதான். ஆபரேஷனைப் பார்த்த ஒரு மாணவர், "எடுத்ததுக்குப் பதிலா வேற ஒண்ணு வைக்க மாட்டீங்களா?"ன்னு ரிட்லியைக் கேட்டாராம். ரிட்லி மனசில் ஏற்கெனவே ஓடிட்டிருந்த யோசனைதான் அது.

ரேனர் நிறுவனம் லென்ஸ் செய்தது, ஐசிஐ சுத்தமான பெர்ஸ்பெக்ஸ் கொடுத்தது. 1949 நவம்பர் 29, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், வெளியே யாருக்கும் சொல்லாம முதல் அறுவை. லென்ஸை நிரந்தரமா வச்சது 1950 பிப்ரவரியில்.

முடிவு? கண் அதை ஏத்துக்கிச்சு. ஆனா அந்தப் பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துடுச்சு! ஏன்னா நம்ம இயற்கை லென்ஸின் வளைவை அப்படியே மாடலா எடுத்து செஞ்சிருந்தாங்க. பெர்ஸ்பெக்ஸ் ஒளியை அதைவிட அதிகமா வளைக்கும். உருவம் அச்சு அசல், பொருள் வேற. மேலே சொன்ன 72 மி.மீ. தடிமன் ஞாபகம் இருக்கா? அதே வகைச் சிக்கல்தான். அடுத்து வந்த லென்ஸ்களில் வளைவைத் திருத்தினாங்க.

1951ல் ஆக்ஸ்ஃபோர்ட் மாநாட்டில் ரிட்லி இதைச் சொன்னபோது பாராட்டைவிட எதிர்ப்புதான் அதிகம். பிரிட்டிஷ் கண் மருத்துவத்தின் பெரிய தலையான டியூக்-எல்டரே ஏத்துக்கலை. எதிர்த்தவங்களை முழுசா குறை சொல்லவும் முடியாது. அந்த முதல் லென்ஸ்கள் கனமா இருந்தன, சில நழுவி விழுந்தன, கண்ணழுத்தம் கூடியது. கண்ணிலிருந்து பொருளை வெளியே எடுக்கத்தான் நாங்க படிக்கிறோம், உள்ளே வைக்க இல்லைங்கறதுதான் அப்போதைய மனநிலை. அமெரிக்க எஃப்டிஏ அனுமதி தந்தது 1981ல்தான்!

நம்ம ஊருக்கு வருவோம். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் நோயாளிகள் குவிஞ்சாங்க, ஆனா இறக்குமதி லென்ஸ் விலை ஏழைகளுக்கு எட்டலை. 1992ல் ஆரோலேப் மதுரையிலேயே அதைச் செய்ய ஆரம்பிச்சது. விலை பத்து டாலருக்கும் கீழே இறங்கியது. அங்கிருந்து இன்னிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது. உங்க பாட்டியின் கண்ணில் இருப்பது அதே பிஎம்எம்ஏவா இருக்கலாம். மடக்கி வைக்கும் வகையா இருந்தா, பெரும்பாலும் அதன் அக்ரிலிக் சொந்தக்காரன்.

கிளீவருக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மிச்சமிருந்த இடது கண்ணில் வயசாகிக் கண்புரை வந்தது. 1987ல் அதை எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வச்சாங்க. பார்வை திரும்பியது.