தகுதியும் பாத்திரமும்: திரைப்பட வேட்பாளரை மதிப்பிட்ட சொற்களின் வரலாறு

1. முன்னுரை

1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையின் தலைவர் இராசேந்திர பிரசாத் தம் நிறைவுரையில் இரண்டு குறைகளை எடுத்துரைத்தார். சட்டத்தைச் செயற்படுத்துவோருக்கு உயர்ந்த தகுதிகளை வேண்டுகின்ற அரசியலமைப்பு, சட்டத்தை இயற்றுவோருக்குத் தேர்தலில் வெற்றி பெறுதல் என்பதற்கு மேல் எதையும் வேண்டவில்லை என்பது முதற்குறை. விடுதலை பெற்ற நாட்டின் முதல் அரசியலமைப்பை ஓர் இந்திய மொழியில் ஆக்க இயலாமற் போயிற்று என்பது இரண்டாவது குறை. ஒருவரின் ஒழுக்கப் பண்பை அளப்பதற்கு அளவுகோல் ஏதுமில்லை என்பதையும் அவர் அவ்வுரையிலேயே ஒப்புக்கொண்டார்.

முதற்குறையைச் சட்ட ஆய்வாளரும் இரண்டாவதை மொழி ஆய்வாளரும் தனித்தனியே பேசி வந்துள்ளனர். புகழ்பெற்ற கலைஞர் ஒருவர் பொதுப்பதவியை நாடும்போது இவ்விரண்டும் ஒரே சிக்கலின் இரு கூறுகளாகத் தோன்றுகின்றன. 'இவருக்குத் தகுதி உண்டா?' என்று கேட்போர் எந்தப் பொருளில் அச்சொல்லை வழங்குகின்றனர் என்பது தெளிவுபடாதவரை வாதம் முடிவு காண்பதில்லை. 1983-ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேசத் தேர்தலை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அச்சொல்லின் வழக்கை ஆராய்கிறது.

2. ஒரு சொல், இரு பொருள்

தமிழில் 'தகுதி' என்பது குறைந்தது இரு வேறு கருத்துகளைச் சுமக்கிறது. ஒன்று, வாயில் போன்றது. வயது, குடியுரிமை முதலியன நிறைவுற்றால் ஒருவர் உள்ளே வரலாம். இதில் 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே விடைகள். மற்றொன்று, பதவிக்கு ஏற்றவராக இருத்தல். இதற்கு அளவு உண்டு, ஒப்பீடு உண்டு, கருத்து வேறுபாடும் உண்டு. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் இச்சொல் நடுநின்று ஒழுகும் பண்பையே குறித்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. பண்பைக் குறித்த சொல் பின்னர் நிபந்தனையையும் குறிக்கலாயிற்று; பழைய பொருள் முற்றிலும் மறையவில்லை.

அரசியலமைப்பின் 84, 173-ஆம் உறுப்புகள் முதற்பொருளில் மட்டுமே பேசுகின்றன. குடியுரிமை, உறுதிமொழி, மக்களவைக்கும் சட்டப்பேரவைக்கும் 25 வயது என்பவற்றோடு அவை நின்றுவிடுகின்றன. எஞ்சியவை நாடாளுமன்றச் சட்டத்திற்கு விடப்பட்டன. 102, 191-ஆம் உறுப்புகள் எதிர்மறை நிபந்தனைகளைக் கூறுகின்றன. இந்தி மொழிபெயர்ப்பு இவ்விணையை 'அர்ஹதா', 'நிரர்ஹதா' எனப் பகுத்தது. தமிழ்ச் செய்தித்தாள்கள் பின்னதைத் 'தகுதி நீக்கம்' என்கின்றன. இத்தொடர் முதற்பொருளுக்குரியது. எனினும், ஓர் உறுப்பினர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார் என்று படிக்கும் வாசகர் அவருடைய பண்பின்மீது தீர்ப்பு வழங்கப்பட்டதாகவே கொள்வது இயல்பாக உள்ளது.

வாயில் நிபந்தனைகளுக்கு இந்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் இடம்பெறுவதற்கு 35 முதல் 70 வரை வயது, இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி முதலியவற்றை வேண்டியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்கியது. 1948 நவம்பரில் ஊராட்சி பற்றிய விவாதத்தில் ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் இக்கல்வெட்டைச் சபைக்கு நினைவூட்டினார். குடியரசு அதன் நிலம், கல்வி ஆகிய நிபந்தனைகளை ஏற்கவில்லை. கணக்குக் காட்டாதவரை விலக்குதல் என்னும் கூறு மட்டும் வேறு வடிவில் இன்றும் வாழ்கிறது: தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாதவரை 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விலக்க இடந்தருகிறது.

3. வேட்பாளரைக் குறிக்கும் சொற்கள்

பதவியை நாடுபவரைக் குறிக்கும் இந்திய மொழிச் சொற்களை ஒப்பிட்டால் ஒரு பொதுமை புலனாகும். தமிழில் 'வேட்பாளர்' என்பதன் அடி 'வேள்'. விரும்புதல் என்பது பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் வழங்கும் 'அப்யர்த்தி' வேண்டிக்கொள்பவரைக் குறிக்கும். மலையாள 'ஸ்தானார்த்தி' இடத்தை வேண்டுபவர்; வங்காளியின் 'ப்ரார்த்தி'யும் இரப்பவரே. இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் 'உம்மீத்வார்', 'உமேத்வார்' ஆகியவை பாரசீகத்திலிருந்து வந்தவை. நம்பிக்கையோடு காத்திருப்பவர் என்று பொருள்படும். வெண்ணிற ஆடை உடுத்தவர் என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லில் இந்த இரக்கும் குறிப்பு இல்லை.

இச்சொற்கள் எவையும் தகுதியைக் கூறவில்லை, உறவைக் கூறுகின்றன. வேட்பாளர் கேட்கும் இடத்திலும் வாக்காளர் கொடுக்கும் இடத்திலும் நிறுத்தப்படுகின்றனர். புகழ்பெற்ற நடிகர் களத்திற்கு வரும்போது இவ்வுறவு குலைகிறது. அவரைக் காண மக்கள் திரண்டு காத்திருக்கின்றனர். அவர் தோற்றம் அளிப்பவராகிறார். கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்பது மாறிவிட்ட சூழலில் மதிப்பிடும் உரிமை தம்மிடம் இருப்பதை வாக்காளர் மறந்துவிடக் கூடும். திரைப்பட வேட்பாளரைப் பற்றிய நியாயமான அச்சம் இதுவே. அவர் நடிகர் என்பது அச்சத்திற்கு உரிய காரணம் அன்று.

4. ஆந்திரம், 1982-1983

1978 தேர்தலுக்குப் பின் ஐந்தாண்டுகளுக்குள் ஆந்திரப் பிரதேசத்தில் சென்னா ரெட்டி, அஞ்சையா, பவனம் வெங்கட்ராமி ரெட்டி, கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி என நான்கு காங்கிரசு முதலமைச்சர்கள் பதவி வகித்தனர். மாற்றங்கள் தில்லியில் முடிவு செய்யப்பட்டன. 1982-இல், அப்போது நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த ராஜீவ் காந்தி பேகம்பேட்டை விமான நிலையத்தில் முதலமைச்சர் அஞ்சையாவைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்ட நிகழ்ச்சி தெலுங்கு மக்களிடையே ஆழ்ந்த மனவருத்தத்தை விளைவித்தது.

இப்பின்னணியில் 1982 மார்ச் 29 அன்று என்.டி. ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். 'சைதன்ய ரதம்' எனப் பெயரிடப்பட்ட ஊர்தியில் மாநிலமெங்கும் பயணம் செய்தார். ஒன்பது மாதங்களில், 1983 சனவரித் தேர்தலில், 294 இடங்களில் 200-க்கு மேற்பட்டவற்றைக் கட்சி வென்றது. வென்றவர்களிற் பெரும்பாலோர் சட்டமன்றத்திற்குப் புதியவர்கள்.

எதிர்த்தரப்பு எழுப்பிய வினா 'அனுபவம்' என்னும் சொல்லைச் சுற்றி அமைந்தது. ராமாராவின் விடை 'ஆத்மகௌரவம்' என்னும் சொல்லில் இருந்தது. முன்னது ஒரு மனிதரின் தகுதியைப் பற்றியது. பின்னது ஒரு மொழியினத்தின் மதிப்பைப் பற்றியது. வினாவுக்கும் விடைக்கும் பொருட்களம் வேறு என்பதால் இருதரப்பும் சந்திக்கவே இல்லை. அனுபவம் உடையோர் நால்வர் ஐந்தாண்டுகளில் மாறிப்போனதைக் கண்ட வாக்காளருக்கு அனுபவம் என்னும் அளவுகோலே நம்பகமற்றதாகிவிட்டது என்பதும் கருதத்தக்கது. 'அன்ன' என்னும் உறவுமுறைச் சொல்லால் அவர் அழைக்கப்பட்டார். மூத்த உடன்பிறந்தானைத் தேர்வெழுதச் சொல்வார் இல்லை. அவ்விளி மதிப்பீட்டுக்குரிய தொலைவை அகற்றியது.

5. பாத்திரம்

ராமாராவின் வெற்றியைத் தெய்வ வேடங்களின் விளைவாகக் கூறும் விளக்கம் பரவலானது. 1957-இல் வெளிவந்த 'மாயாபஜார்' முதலாகப் பல படங்களில் அவர் கண்ணனாகத் தோன்றினார். இவ்விளக்கத்திற்கு மொழியும் துணைநிற்பதுபோல் தோன்றுகிறது. 'பாத்திரம்' என்னும் வடசொல் கலத்தையும் நாடக மாந்தரையும் தக்கவரையும் ஒருங்கே குறிக்கும். தமிழில் 'நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்' என்பது அன்றாட வழக்கு. இந்தியிலோ இது சட்டச் சொல்லாகவே நிலைத்துவிட்டது: குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படும் தகைமையைக் கூறும் 58-ஆம் உறுப்பின் இந்தி வடிவம் 'பாத்ர' என்னும் சொல்லையே ஆள்கிறது. பாத்திரத்தை ஏற்றவர் பாத்திரமானவர் ஆகிறார் என்னும் முடிவுக்கு ஒரு சொல்லே பாலம் அமைத்துத் தருகிறது எனலாம்.

ஆயினும் சொல்லொற்றுமையை மக்களின் சிந்தனைக்குச் சான்றாகக் கொள்வது பிழை. அதே ராமாராவ் 1961-இல் 'சீதாராம கல்யாணம்' படத்தில் இராவணனாகவும் 1977-இல் 'தான வீர சூர கர்ணா'வில் துரியோதனனாகவும் நடித்துப் பாராட்டுப் பெற்றார். அவ்வேடங்களைப் போற்றியவர்கள் அவரை இராவணனாகவோ துரியோதனனாகவோ கருதவில்லை. நடிப்பையும் நடிகரையும் பிரித்தறியும் திறன் பார்வையாளருக்கு இருந்தது. அண்டை மாநிலமான கருநாடகத்தில் 1982-இல் கோகாக் குழு அறிக்கைக்கு ஆதரவான மொழிப் போராட்டத்திற்குத் தலைமை தாங்கிய நடிகர் ராஜ்குமார், மக்கள் செல்வாக்கில் எவருக்கும் குறைந்தவர் அல்லர். எனினும் அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. 2009-இல் ஆந்திரப் பேரவைத் தேர்தலில் நடிகர் சிரஞ்சீவியின் பிரஜா ராஜ்யம் 294-இல் 18 இடங்களையே பெற்றது. புகழ் தானே பதவியாக மாறுவதில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

'நடிகருக்கு ஆளத் தெரியாது' என்றோரும், 'அறம் காத்த வேடம் தரித்தவர் அறம் காப்பார்' என்றோரும் ஒரே தவற்றைச் செய்தனர். இருவரும் தொழிலையே சான்றாகக் கொண்டனர்.

6. பதவி தந்த சான்று

ராமாராவின் ஆட்சி இவ்விரு கணிப்புகளையும் மறுத்தது. கிலோ அரிசி இரண்டு ரூபாய்த் திட்டம் ஏழைகளைச் சென்றடைந்தது; அதன் செலவு கருவூலத்திற்குச் சுமையுமாயிற்று. பரம்பரைக் கிராம அலுவலர் முறை 1984-இல் ஒழிக்கப்பட்டது. 1985-இல் தெலுங்குப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பங்காளிச் சொத்தில் மகள்களுக்குப் பிறப்புரிமை வழங்கிய ஆந்திரத் திருத்தம் 1985 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்கும் அத்தகைய உரிமை 2005-இல்தான் கிட்டியது.

மறுபக்கமும் உண்டு. அதிகாரம் ஒருவரிடம் குவிந்தது. 1989-இல் அமைச்சரவை முழுவதையும் ஒரே நாளில் அவர் நீக்கினார். அவ்வாண்டுத் தேர்தலில் கட்சி தோற்றது. கல்வகுர்த்தி தொகுதியில் அவரே தோல்வியுற்றார். 1994-இல் அதே வாக்காளர்கள் அவரைப் பெரும்பான்மையோடு மீண்டும் பதவியில் அமர்த்தினர். 1984 ஆகஸ்டில் ஆளுநர் அவரைப் பதவிநீக்கம் செய்தபோதும் எதிர்ப்பு எழுந்து, ஒரு மாதத்தில் அவர் மீண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. வாக்காளர்கள் 1983-இல் நம்பிக்கையின்மீதும், 1985-இலும் 1989-இலும் செயலைக் கண்டும் தீர்ப்பளித்தனர் எனக் கொள்வது பொருந்தும்.

அலகாபாத்தில் 1984-இல் அனுபவம் மிக்க எச்.என். பகுகுணாவை ஏறத்தாழ 1,87,000 வாக்குகள் வேறுபாட்டில் வென்ற அமிதாப் பச்சன், 1987-இல் பதவிக்காலம் முடியுமுன் விலகினார். இருவரும் நடிகர்களே, பொதுவாழ்வில் அவர்தம் போக்கு ஒன்றுபோல் அமையவில்லை.

7. வாயிலை உயர்த்துதல்

தகுதியற்றோரைத் தடுக்க வாயில் நிபந்தனைகளைக் கடுமையாக்க வேண்டும் என்னும் கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. இதன் விளைவைக் காட்டும் சான்று அரியானாவில் உள்ளது. அம்மாநிலம் 2015-இல் ஊராட்சித் தேர்தலில் நிற்போருக்குப் பள்ளித் தேர்ச்சி, வீட்டில் கழிப்பறை, கடன் நிலுவையின்மை முதலியவற்றைக் கட்டாயமாக்கியது. உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் ராஜ்பாலா வழக்கில் அதனை ஏற்றது. இராசத்தான் கொணர்ந்த இதையொத்த கல்வி நிபந்தனை 2019-இல் கைவிடப்பட்டது.

இத்தகைய வாயில் யாரைத் தடுக்கும் என்பதே வினா. ராமாராவ் பட்டதாரி, செல்வம் உடையவர், எந்த நிபந்தனையும் அவரைத் தடுத்திராது. தடுக்கப்படுவோர் பள்ளி செல்ல வாய்ப்பற்ற ஏழைப் பெண்களும் ஒடுக்கப்பட்டோருமே. 'தகுதி' என்னும் சொல்லின் இரண்டாம் பொருளில் எழுந்த கவலைக்கு முதற்பொருளில் மருந்து தேடுவதால் வரும் கேடு இது.

8. முடிவுரை

இரண்டாம் பொருளிலான தகுதியை மதிப்பிட வாக்காளருக்குச் சான்று வேண்டும். 2002 மே மாதத்திலும் 2003 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள், வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என நிறுவின. படிவம் 26 என்னும் உறுதிமொழி ஆவணம் அதன் பயனாக அமைந்தது. 2018 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பு, குற்ற வழக்குகள் உள்ளோர் அவற்றை நாளிதழிலும் விளம்பரப்படுத்த வேண்டும் என்றது.

இங்குதான் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு தொடங்குகிறது. வழக்குப் பதிவு செய்யப்பட்டவர், குற்றச்சாட்டு வனையப்பட்டவர், குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர் என்னும் மூவரும் சட்டத்தின்முன் வேறு வேறு நிலையினர். 'வனைதல்' என்பதைக் குயவர் தொழிலோடு மட்டுமே அறிந்த வாசகருக்கு இரண்டாம் நிலை புலப்படுவதில்லை. மேடைப் பேச்சில் மூவரும் 'குற்றவாளி' ஆகிவிடுகின்றனர். ஒருவர்க்கு இது இழுக்காகவும் மற்றொருவர்க்கு மறைப்பாகவும் முடிகிறது. மூன்று நிலைகளையும் பிரித்துக்காட்டும் எளிய தொடர்கள் ஒவ்வொரு மாநில மொழியிலும் தரப்படுத்தப்பட வேண்டும். 'தகுதி' என்பதை ஏற்றவராதல் என்னும் பொருளுக்கு விட்டு, வாயில் நிபந்தனைக்குத் 'தகுதிப்பாடு' என்பதைச் சீராக ஆள்வதும் பயன்தரும்.

இராசேந்திர பிரசாத் கூறிய முதற்குறையைச் சட்டத்தால் முற்றும் நீக்க இயலாது. அளவுகோல் இல்லை என்று அவரே கூறினார். இரண்டாவது குறை அத்தன்மையதன்று. வேட்பாளர் திரையிலிருந்து வந்தாலும் வயலிலிருந்து வந்தாலும், அவர் செய்தவற்றையும் சேர்த்தவற்றையும் கூறும் ஆவணம் வாக்காளருக்கு விளங்கும் மொழியில் அமையுமாயின், அளக்கும் பணியை அவரே செய்துகொள்வார்.