அப்... டவுன்... அவுட்!

கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் ஐந்து நிமிஷம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் போதும். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவில் இருக்கிற ஊர். 'செஞ்சி வண்டி பிரேக் டவுனாம்', 'அம்மாவுக்கு செக்கப், ஆஸ்பத்திரிக்குப் போறோம்', 'ரோட்டோரமா புதுசா லேஅவுட் போட்டிருக்கான்', 'சும்மா பில்டப் குடுக்காதே', 'தலைவருக்கு நாப்பதடி கட்அவுட்'... இப்படி ஏதாவது காதில் விழும். பேசுகிறவர் இங்கிலீஷ் பரீட்சையில் பாஸா, ஃபெயிலா என்று யாரும் கேட்பதில்லை.

அதே ஊரிலிருந்து ஒரு பையன் டிகிரி முடித்துவிட்டு, சென்னைக்கு இண்டர்வியூவுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இன்வெஸ்டிகேட்', 'டாலரேட்', 'போஸ்ட்போன்' எல்லாம் அவனுக்கு அத்துப்படி. எதிரே இருப்பவர் சாதாரணமாக, 'ஒய் டிட் யூ டர்ன் டவுன் தட் ஆஃபர்?' என்கிறார். அந்த வேலையை ஏன் வேண்டாம் என்று சொன்னாய் என்பதுதான் கேள்வி. ஆனால் பையனுக்குத் தெரிந்தவரை டர்ன் என்றால் திரும்பு, டவுன் என்றால் கீழே. திரும்பிக் கீழே எதைப் பார்ப்பது? முழிக்கிறான். 'நமக்கெல்லாம் இங்கிலீஷ் வராது' என்று முடிவுகட்டிவிட்டு ஊருக்கு பஸ் ஏறுகிறான்.

வேலை கிடைக்காததைவிட இந்த முடிவுதான் பெரிய நஷ்டம். ஏனென்றால் கோளாறு அவன் மூளையில் இல்லை, சரித்திரத்தில் இருக்கிறது. குறிப்பாகச் சொன்னால், இரண்டு யுத்தங்களில்.

முதல் யுத்தம், 1066-ல். பிரான்சின் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்த வில்லியம், ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் இங்கிலாந்து ராஜாவைத் தோற்கடித்து நாட்டைப் பிடித்தார். அதற்கப்புறம் அரண்மனையில் பிரெஞ்சு, கோர்ட்டில் பிரெஞ்சு, சர்ச்சில் லத்தீன். கோர்ட் வாதம் இங்கிலீஷில் நடக்கட்டும் என்று சட்டம் போடவே 1362 ஆகிவிட்டது. ஆமாம் சார், இங்கிலாந்திலேயே இங்கிலீஷ் கிட்டத்தட்ட 300 வருஷம் வயலிலும் அடுப்படியிலும் பேசுகிற பாஷையாகத்தான் இருந்தது!

விளைவு? ஒரே காரியத்துக்கு இரண்டு சொல். பிரெஞ்சிலிருந்தும், பின்னால் படிப்பாளிகள் லத்தீனிலிருந்தும் கொண்டுவந்த கனமான சொல் ஒன்று. சாதாரண ஜனங்களின் வீட்டுச் சொல் ஒன்று. நெருப்பை அணைப்பதற்குப் புத்தகத்தில் 'எக்ஸ்டிங்குவிஷ்', வீட்டில் 'புட் அவுட்'. விசாரிப்பதற்கு அங்கே 'இன்வெஸ்டிகேட்', இங்கே 'லுக் இன்டு'. பொறுத்துக்கொள்வதற்கு அங்கே 'டாலரேட்', இங்கே 'புட் அப் வித்'.

இந்த வீட்டுச் சொற்களும் லேசுப்பட்டவை அல்ல. பழைய இங்கிலீஷில் 'அவுட்', 'இன்' போன்ற குட்டிச் சொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. 'அவுட்-கோ' என்பதுபோல. நாளடைவில் அவை பின்னால் நகர்ந்து 'கோ அவுட்' ஆயின. 'டேக்', 'கெட்' என்று இன்றைக்கு வாய்க்கு வாய் வரும் வினைகளோ, கொள்ளையடிக்க வந்து அங்கேயே குடியேறிவிட்ட வைக்கிங்குகள் கொடுத்துவிட்டுப் போனவை. செல்போனில் 'இன்கமிங்', 'அவுட்கோயிங்' என்கிறோமே, அதெல்லாம் பழைய கட்டுமானத்தின் மிச்சம்தான். நாம் வருமான வரி கட்டுகிற 'இன்கம்'கூட 'உள்ளே வருவது'தான். தமிழிலும் வருவதால்தானே அது வருமானம்!

1755-ல் சாமுவேல் ஜான்சன் தன் பிரபலமான அகராதியை வெளியிட்டார். 'டேக்' என்ற ஒரே வினைக்கு எண் போட்டு 134 பொருள் எழுதினார். வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து அர்த்தத்தையே புரட்டிப் போட்டுவிடுகிறது, வெளிநாட்டுக்காரர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம் என்று முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். கீழ்பென்னாத்தூர் பையனின் சிரமத்துக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிக்கொடுத்த சர்டிபிகேட் அது.

அகராதி வந்து ஐந்து வருஷத்தில் இரண்டாவது யுத்தம். இது நம்ம வீட்டு வாசலிலேயே நடந்தது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து வந்தவாசியில், 1760 ஜனவரி 22-ம் தேதி, அயர் கூட்டின் ஆங்கிலேயப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. அடுத்த வருஷம் பாண்டிச்சேரி விழுந்தது. 1750-லிருந்து பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த செஞ்சிக் கோட்டையும் விழுந்தது. வந்தவாசியில் முடிவு மாறியிருந்தால், நம் பையன் இன்றைக்கு வேறொரு பாஷையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருப்பான்.

ஜெயித்தவர்களின் பாஷை வந்தது. எந்த வழியாக வந்தது என்பதுதான் விஷயம். கச்சேரி, கோர்ட், காலேஜ். 1835-ல் மெக்காலேயின் குறிப்பு, 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம். எல்லாமே காகிதத்தின் வழியாக! மனு, தீர்ப்பு, பாடப்புத்தகம். அதனால் துரைமார் எழுதுகிற கனமான இங்கிலீஷ் நமக்கு முதலில் வந்தது. அவர்கள் வீட்டில் பேசுகிற இங்கிலீஷ் வரவில்லை. அது பெரும்பாலும் பங்களாவில் வேலை பார்த்த சமையல்காரர், ஆயா காதில்தான் விழுந்தது. அவர்கள் திருப்பிப் பேசியபோதோ, 'பட்லர் இங்கிலீஷ்' என்று கிண்டல் செய்து ஒதுக்கிவிட்டார்கள். எது தேவைப்பட்டதோ, அதையே தூக்கிப் போட்டுவிட்டோம்!

அப்படியானால் கடைத்தெருவில் காதில் விழுகிற பிரேக் டவுன், செக்கப்? கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவையெல்லாம் பெயர்ச்சொல்லாக வந்து சேர்ந்தவை. வினை வேலையை நம்ம பண்ணு, குடு, போடு, ஆயிடுச்சு பார்த்துக்கொள்கின்றன. 'பில்டப்'புக்கு 'வெத்து அலட்டல்' என்று இங்கிலீஷ்காரனுக்கே தெரியாத அர்த்தத்தைக்கூடக் கொடுத்துவிட்டோம். வினையாகவே வந்து நிலைத்தது என்றால் 'கெட் அவுட்'டைச் சொல்லலாம். துரைகள் அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஜோடிச் சொற்களுக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயர் அச்சில் பரவியதே 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய புத்தகத்தால்தான். 1930-ல் சி.கே.ஆக்டன், 850 சொற்களில் மொத்த இங்கிலீஷையும் அடக்குகிறேன் என்று 'பேசிக் இங்கிலீஷ்' கொண்டுவந்தார். அதில் வினைகள் வெறும் 18! கெட், புட், டேக், கிவ், கோ... இவற்றோடு அப், டவுன், அவுட் சேர்த்தே சமாளித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. சொற்கள் குறைந்தன, ஆனால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அர்த்தம் படிக்க வேண்டியிருந்தது. செலவைக் குறைத்துக் கடனைக் கூட்டிய பட்ஜெட்!

பி.காம். படித்தவர்களுக்கு இது புதுசே இல்லை. லெட்ஜரில் 'கேரீட் டவுன்', 'பிராட் டவுன்' எழுதியிருப்போம். வாராக்கடனை 'ரைட் ஆஃப்' செய்திருப்போம். ரைட் என்றால் எழுது, ஆஃப் என்றால் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அதை ஒரே சொல்லாக எடுத்துக்கொண்டோம், வேலை முடிந்தது.

சூட்சுமம் அதுதான். அது நமக்குப் பிறவியிலேயே தெரியும். காட்டு, கொடு இரண்டும் தெரிந்த வெள்ளைக்காரருக்கு 'காட்டிக்கொடு' துரோகம் என்று எப்படிப் புரியும்? விட்டுக்கொடு, போட்டுக்கொடு, கழற்றிவிடு, ஏற்றிவிடு, கண்டுகொள்... எந்த வாத்தியார் நமக்கு இவற்றை உடைத்து உடைத்துச் சொல்லிக்கொடுத்தார்? ஜி.யு.போப் மாதிரி தமிழ் கற்க வந்தவர்கள் எல்லாரும் இந்தக் காட்டைக் கடந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆக, பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு ஜோடியைப் பார்த்தால், தமிழில் அதற்கு என்ன ஜோடி என்று தேடுங்கள். 'கிவ் அவே' என்றால் காட்டிக்கொடு. 'கிவ் இன்' என்றால் விட்டுக்கொடு. 'டிராப் ஆஃப்' என்றால் இறக்கிவிடு. பிறகு அதைச் சொந்தமாக ஒரு வாக்கியத்தில் வைத்துப் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் இப்படிப் பொருந்தாதுதான். ஆனால் பயம் போய்விடும்.

'போஸ்ட்போன்' என்பதற்கு வீட்டு இங்கிலீஷ் என்ன தெரியுமா? 'புட் ஆஃப்'. புட் என்றால் போடு. ஆஃப் என்றால் தள்ளி. தள்ளிப்போடு!

இங்கிலீஷ் கற்றுக்கொள்வதை மட்டும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.